பழைய ஃப்ரீசர்: கம்ப்ரஸர் நிற்கவே இல்லை, -7க்குக் கீழே இறங்கவும் இல்லை. கேஸ் போய்விட்டதா?

நிலாமுற்றம்:

வணக்கம். ஒற்றைக் கதவு, நின்ற வாக்கில் உள்ள ஃப்ரீசர். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. வயது 19. பின்புறத் தகட்டில் இருப்பது: 230 வோல்ட், ஆர்134ஏ கேஸ் 140 கிராம், டீஃப்ராஸ்ட் ஹீட்டர் 160 வாட்.

இப்போதைய நிலை:

- கம்ப்ரஸர் இரவு பகலாக ஓடுகிறது, நிற்பதே இல்லை. தொட்டால் நல்ல சூடு.
- மேல் தட்டில் -7 டிகிரி, கீழ்த் தட்டில் -2. தெர்மோஸ்டாட் கடைசி எண்ணில் இருக்கிறது.
- உள்ளே காற்று வருவதே தெரியவில்லை. சில நாள் முன்புவரை ஃபேன் எதிலோ உரசுவது போல "கர்ர்" என்றது. இப்போது அந்தச் சத்தமும் இல்லை.
- உள் பின்பலகையின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கிறது.

சென்ற மாதம் இதே போல ஆனபோது, கழுவுவதற்காக ஒரு நாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைத்தேன். மறுபடி போட்டதும் -19 வரை போனது. ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான்.

போனில் விசாரித்ததில் "கேஸ் கம்மியாயிருக்கும், அடிச்சா சரியாயிடும்" என்றார்கள். என்னிடம் மல்டிமீட்டரும், பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரும் இருக்கின்றன. கேஸ் தானா என்று வீட்டிலேயே உறுதி செய்ய வழி உண்டா?

---

ஓம்மீட்டர்:

கேஸ் இல்லை. அதற்கான சாட்சியை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஒரு நாள் அணைத்துத் திறந்து வைத்ததும் ஒன்பது நாள் -19. கசிந்து போன கேஸ் ஒரு நாள் ஓய்வில் திரும்பி வராது. அந்த ஒரு நாளில் உருகிப் போனது பனி.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர்காயில் உள் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஃபேன் காற்றை அந்தக் காயிலின் தகடுகளுக்கு இடையே இழுத்துப் பெட்டிக்குள் தள்ளும். காற்றிலுள்ள ஈரம் தகடுகளில் பனியாகப் படியும். அதை உருக்குவதுதான் டீஃப்ராஸ்ட்; அதற்குத்தான் டைமர். கம்ப்ரஸர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும், டைமர் அதை நிறுத்திக் காயிலின் அடியிலுள்ள ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். காயில் ஏறக்குறைய +10 டிகிரி தொட்டதும் பைமெட்டல் என்ற வெப்ப சுவிட்ச் திறந்து ஹீட்டரை அணைக்கும். டைமர் 20, 30 நிமிடம் கழித்துக் கம்ப்ரஸரைத் திரும்பப் போடும்.

டைமர், பைமெட்டல், தெர்மல் ஃப்யூஸ், ஹீட்டர். இந்த நான்கில் ஒன்று போனாலும் பனி உருகாது. ஒரு வாரம், பத்து நாளில் தகடுகளின் இடைவெளி அடைபட்டுவிடும். காற்று போக வழியில்லை, பெட்டி குளிராது, தெர்மோஸ்டாட் திருப்தியாகாது, கம்ப்ரஸர் நிற்காது. கேஸ் குறைந்தாலும் வெளியில் இதே அறிகுறிகள்தான் தெரியும். அதனால்தான் பலரும் பலகையைத் திறக்காமலே கேஸ் மேல் பழி போடுகிறார்கள். உங்கள் ஃபேன் உரசியது கூட, பனி வளர்ந்து இறக்கையைத் தொட்டதால்தான். இப்போது சத்தம் இல்லையென்றால் ஃபேன் பனியில் சிக்கி நின்றிருக்கும்.

ஆனாலும் ஊகத்தில் பார்ட் வாங்க வேண்டாம். பனி இருக்கும்போதே, உருக்குவதற்கு முன், பலகையைக் கழற்றிக் காயிலைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். தட்டுகளை எடுத்ததும் பலகையில் திருகுகள் தெரியும். சிலவற்றில் சிறு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் மறைந்திருக்கும். திருகு எல்லாம் எடுத்தும் பலகை வரவில்லை என்றால் பனி பிடித்துக்கொண்டிருக்கிறது. நெம்பினால் பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் போல உடையும். ஒரு கிண்ணம் சுடுதண்ணீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பதினைந்து நிமிடம் கழித்து முயலுங்கள்.

காயிலில் எதைப் பார்க்க வேண்டும்:

முழுக்காயிலும் மேலிருந்து கீழ் வரை பனிக்கட்டியாக மூடியிருந்தால் கேஸ் சரி, டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. கேபில்லரி (கேஸைக் காயிலுக்குள் விடும் மெல்லிய குழாய்) வந்து சேரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுற்றுப் பனி, மீதிக் காயில் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. கம்ப்ரஸர் ஓடியும் எங்கும் பனியே இல்லை என்றால் கேஸ் முழுக்கப் போயிருக்கலாம், கேபில்லரி அடைத்திருக்கலாம், அல்லது கம்ப்ரஸரின் வால்வு தேய்ந்திருக்கலாம். பனி மெலிதாக, சமமாக, தகடுகளின் இடைவெளி தெரியும்படி இருந்தால் அது நலமான காயில்; அப்போது ஃபேனையும் கதவையும் சந்தேகியுங்கள்.

ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு உருக்குங்கள். டேபிள் ஃபேனை நேராகக் காயிலைப் பார்த்து வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் போதும். கத்தி, திருப்புளி, எதையும் பனியில் குத்தாதீர்கள். அலுமினியக் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலே போதும், இல்லாத கேஸ் பிரச்சினையை நாமே உண்டாக்கிவிடுவோம். தகடுகளின் விளிம்பு விரலைக் கீறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, பிளக் வெளியிலேயே இருக்க, ஒவ்வொன்றாகச் சோதனை:

ஹீட்டர். இரு முனைகளையும் கழற்றி ஓம் பாருங்கள். கணக்கு எளிது: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 × 230 = 52,900; அதை 160ஆல் வகுத்தால் ஏறக்குறைய 330 ஓம். 300 முதல் 360க்குள் இருந்தால் நல்லது. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. கண்ணாடிக் குழாய் ஹீட்டராக இருந்தால் உள்ளே கருகிய தடம் தெரியும். வெறும் கையால் கண்ணாடியைத் தொட வேண்டாம்.

தெர்மல் ஃப்யூஸ். சுழி ஓம் காட்ட வேண்டும். பெரும்பாலும் 70 டிகிரிக்குச் சற்று மேலே நிரந்தரமாக அறுந்துவிடும் வகை. இது போயிருந்தால் ஃப்யூஸை மட்டும் மாற்றி நிம்மதி அடையாதீர்கள். ஹீட்டரை அணைக்க வேண்டிய பைமெட்டல் ஒட்டிக்கொண்டதால்தான் ஃப்யூஸ் போயிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பைமெட்டல். காயிலின் குழாயில் கவ்வியிருக்கும் வட்டமான வில்லை. இதைச் சோதிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது திறந்துதான் இருக்கும். அப்போது மீட்டர் எதுவும் காட்டாதது கோளாறு அல்ல. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு கலந்தால் -15க்கும் கீழே போகும். பைமெட்டலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒயர் வெளியே தெரிய அதில் பத்து நிமிடம் புதைத்து வையுங்கள். சுழி ஓமுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அதுதான் குற்றவாளி.

டைமர். அதன் நடுவில் திருப்புளிக்கான வெட்டு இருக்கும். கடிகார முள் திசையில் மட்டும் மெல்லத் திருப்புங்கள். "டக்" என்ற இடம் டீஃப்ராஸ்ட் தொடக்கம். இன்னும் சற்றுத் திருப்பினால் இரண்டாவது "டக்", அது முடிவு. டைமர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வெட்டின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, கம்ப்ரஸர் ஓடும்போது நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை என்றாலும் உடனே டைமர் வாங்காதீர்கள்: சில இணைப்புகளில் டைமர் மோட்டாரின் நியூட்ரல் பாதையே ஹீட்டர் வழியாகத்தான் போகிறது. ஹீட்டர் அறுந்தால் நல்ல டைமரும் நின்றுவிடும்.

---

செம்புக்குழாய்:

மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், "அணைத்து வைத்தால் சரியாகிறது" என்பது ஈர அடைப்புக்கும் பொருந்தும். குழாய்க்குள் ஈரம் இருந்தால் கேபில்லரி முனையில் உறைந்து வழியை அடைக்கும். அணைத்தால் உருகித் திறக்கும். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. ஈர அடைப்பு சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும், ஒன்பது நாள் காத்திருக்காது. அடைக்கும்போது காயிலில் "ஸ்ஸ்" என்ற பாயும் சத்தம் நின்று, இருக்கிற பனியும் உருகத் தொடங்கும். கேபில்லரி காயிலில் நுழையும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் சட்டென்று சத்தம் திரும்பும். உங்கள் விவரத்தில் இது எதுவும் இல்லை.

வாட் மீட்டர் இருப்பதால் இன்னொரு சுலபமான சோதனை. இந்த அளவு பெட்டி ஓடும்போது 100 வாட்டுக்குப் பக்கத்தில் எடுக்கும். கேஸ் போயிருந்தால் கம்ப்ரஸருக்கு அமுக்க எதுவும் இல்லை, வாட் நன்றாகக் குறைந்துவிடும். வெளிக் கண்டென்சரும் (பின்னால் உள்ள கறுப்புக் கம்பிக் குழாய்) சூடாகாது. கண்டென்சர் கதகதப்பாக இருந்து வாட்டும் சரியாக இருந்தால் கேஸைத் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேஸ் "சும்மா கொஞ்சம்" அடிப்பதில்தான் நல்ல பெட்டிகள் சாகின்றன. ஆர்134ஏ கொதிநிலை -26 டிகிரி. ஃப்ரீசர் காயில் கிட்டத்தட்ட அந்த வெப்பநிலையில்தான் ஓடுகிறது. அப்படியென்றால் உறிஞ்சு பக்க (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்க) அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும், கேஜ் சுழியை ஒட்டி நிற்கும். அது இயல்பு. ஏசியில் பழகிய கை, சுழியைப் பார்த்ததும் "கேஸே இல்லை" என்று அடித்துவிடும். 140 கிராம் பெட்டிக்கு 40 கிராம் கூடினாலே திரும்பு குழாய் கம்ப்ரஸர் வரை பனி பூக்கும். திரவமாகவே திரும்பிப் போய் வால்வை உடைக்கும்.

உண்மையிலேயே கசிவு என்றால் வரிசை இது: நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையில் கசிவைக் கண்டுபிடி, ஒட்டு, ஃபில்டரை மாற்று, வாக்கும் பம்ப்பில் வெற்றிட அளவை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கு, பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் ஏறாமல் நிற்கிறதா பார், பிறகு தராசில் எடை போட்டு அடி. இதில் ஃபில்டரையோ தராசையோ விட்டுவிட்டு வேலை முடிந்தது என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஆர்134ஏவின் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குழாயைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதே ஒரு கோளாறு.

---

நிலாமுற்றம்:

இருவருக்கும் நன்றி. பலகையைத் திறந்தேன். காயில் கண்ணுக்கே தெரியவில்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே பனிச்சுவர். ஃபேன் இறக்கை ஒன்று பனியில் புதைந்திருந்தது. உருக்கிய பின் அளந்தவை:

ஹீட்டர் 334 ஓம். ஃப்யூஸ் 0.2 ஓம். டைமர் கோடு நான்கு மணி நேரத்தில் நன்றாக நகர்ந்திருக்கிறது. பைமெட்டல் அறை வெப்பத்தில் திறந்திருந்தது, உப்பு ஐஸில் 20 நிமிடம் வைத்தும் திறந்தே இருக்கிறது.

பெட்டியை ஓட்டிக் காயில் குளிர்ந்த பின் டைமரைக் கையால் திருப்பினேன். "டக்" என்று கம்ப்ரஸர் நின்றது, ஆனால் வாட் மீட்டரில் 3 வாட் மட்டுமே.

பைமெட்டலின் வில்லையைப் பார்த்தால் ஓரம் உப்பியிருக்கிறது, உள்ளே ஈரம் தெரிகிறது. இரண்டு கேள்வி: எந்தப் பைமெட்டலும் பொருந்துமா? புதியது வரும் வரை இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டால் ஓடுமா?

---

ஓம்மீட்டர்:

இரண்டாவது கேள்விக்கு முதலில்: வேண்டாம். நேராக இணைத்தால் டைமர் கொடுக்கும் 20, 30 நிமிடமும் ஹீட்டர் அணையாமல் எரியும். பனி பத்து நிமிடத்தில் உருகிவிடும், மீதி நேரம் பெட்டியைச் சுடவைக்கும். தெர்மல் ஃப்யூஸ் ஒன்றுதான் காவல். ஒரு தடவை, இரண்டு தடவை தாங்கும், பிறகு அதுவும் போகும். ஃப்யூஸ் இல்லாத பழைய மாடலில் பிளாஸ்டிக்கே உருகும். புதியது வரும்வரை வாரம் ஒரு முறை அணைத்து, பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனால் உருக்கிக்கொள்ளுங்கள். தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை.

3 வாட் என்பது டைமர் மோட்டார் மட்டும் எடுப்பது. ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை. உப்பிய வில்லையும் ஈரமும் எல்லாவற்றையும் உறுதி செய்கின்றன. இந்த வயதில் பைமெட்டலின் மூடி விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் போய், அது உறைந்து விரிந்து தொடுமுனைகளைப் பிரித்துவிடும். அதிகம் பார்க்கும் சாவு இதுதான்.

வாங்கும்போது மூன்றைப் பொருத்திப் பாருங்கள். திறக்கும் வெப்பநிலை, பழையதில் அச்சிட்டிருப்பதற்குச் சமமாகவோ இரண்டு மூன்று டிகிரிக்குள்ளாகவோ இருக்கட்டும். மூடும் வெப்பநிலை பெரும்பாலும் -5 முதல் -10க்குள். கரண்ட் தாங்கும் அளவு: 160 வாட்டுக்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவு, அதனால் எதுவும் போதும். ஃப்யூஸும் பைமெட்டலும் ஒரே கொத்தாக வந்தால் அதையே வாங்குங்கள். ஒயர் எண்ணிக்கை மாறினால் குழம்பாமல் பழைய இணைப்பைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

பொருத்தும் இடத்தில் கவனம் வேண்டும். பழையது எந்தக் குழாயில், எந்த வளைவில் கவ்வியிருந்ததோ அதே இடம். ஹீட்டருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டால் சீக்கிரமே சூடேறித் திறந்துகொள்ளும். காயிலின் மேல்பாதி உருகாமல் நிற்கும். மூன்று வாரத்தில் "பைமெட்டல் மாற்றியும் சரியாகவில்லை" என்று எழுதுவீர்கள்.

ஒயர் இணைப்பை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அந்த இடம் தினமும் நனைந்து உறையும், டேப் ஒரு மாதம் தாங்காது. அமுக்கி மூட்டும் குழல் போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடு காட்டி மூடுங்கள். ஒயர் இணைப்பிலிருந்து தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விட்டால் தண்ணீர் இணைப்பை நோக்கி வழியாது.

மாட்டிய பின் சோதனை: பெட்டியை இரண்டு மணி நேரம் ஓட்டிக் காயில் -10க்குக் கீழே போகட்டும். டைமரைத் திருப்புங்கள். வாட் மீட்டர் 155 முதல் 170க்குள் காட்ட வேண்டும், கம்ப்ரஸர் நின்றிருக்க வேண்டும். பனி குறைவாக இருப்பதால் சில நிமிடங்களில் வாட் சட்டென்று 3க்கு விழும். அந்த வீழ்ச்சிதான் பைமெட்டல் திறந்த கணம். அது விழவே இல்லை, டைமர் முடியும்வரை 160இலேயே நிற்கிறது என்றால் வில்லை குழாயில் சரியாக ஒட்டவில்லை.

---

திருப்புளி:

பலகை கழற்றியிருக்கும்போதே மத்த வேலையையும் முடிச்சிடுங்க, திரும்பத் திரும்பத் திறக்கிறதுக்கு அந்தப் பிளாஸ்டிக் தாங்காது.

காயிலுக்குக் கீழே ஒரு அலுமினியத் தொட்டி, அதில் வடிகால் ஓட்டை. உருகின தண்ணி அங்கே இறங்கிக் கம்ப்ரஸர் மேல இருக்கிற தட்டுக்குப் போய் ஆவியாகணும். ஓட்டை அடைச்சிருந்தா தண்ணி தொட்டியிலேயே உறைஞ்சு மேலே ஏறி ஹீட்டரையே முழுங்கிடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க. பின்னாடி தட்டில் சளசளன்னு விழணும். விழலைன்னா மெல்லிசான பிளாஸ்டிக் குழாயை விட்டுத் துழாவுங்க, இரும்புக் கம்பி வேண்டாம். ஹீட்டரிலிருந்து ஒரு அலுமினியப் பட்டை வடிகாலுக்குள்ள தொங்கும் சில மாடலில். ஓட்டை உறையாம இருக்க அதுதான் சூடு கடத்துது. தேவையில்லாத துண்டுன்னு கழற்றிப் போடாதீங்க.

அப்புறம் கதவு ரப்பர். 19 வருஷ ரப்பர்னா கண்டிப்பா பார்க்கணும். காகிதத்தைக் கதவில் வெச்சுச் சாத்தி இழுங்க. நாலு பக்கமும், முக்கியமா கீல் பக்கமும் மேல் மூலையும், பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கணும். இன்னொண்ணு: விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வெச்சுக் கதவைச் சாத்துங்க. வெளிச்சக் கீற்று தெரியற இடம் காத்துப் போற இடம். ரப்பர் கிழியாம மடங்கியிருந்தா சுடுதண்ணித் துணியோ ஹேர் டிரையரோ காட்டி நிமிர்த்தி, ராத்திரி முழுக்கச் சாத்தி வெச்சா பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துடும். கிழிஞ்சிருந்தா மாத்தணும். அந்தக் காலத்து மாடலில் ரப்பர் உதட்டைத் தூக்கினா வரிசையா திருகு இருக்கும். எல்லாத்தையும் கழற்றாதீங்க, கழற்றினா கதவுத் தோலே கோணிடும். பாதி தளர்த்தி மேலிருந்து மாத்திட்டு வாங்க.

பின்னாடி கறுப்புக் கம்பிக் கண்டென்சரில் தூசி இருந்தா பிரஷ்ஷும் வாக்கும் கிளீனரும். சுவருக்கு ஒரு கை அகலம் இடைவெளி விடுங்க.

வெளிச்சுவரில் ஒரே இடத்தில் மட்டும் வேர்க்குதான்னும் தடவிப் பாருங்க. அப்படி இருந்தா உள்ளே ஃபோம் தண்ணி குடிச்சிருக்கு, அதுக்கு வைத்தியம் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டிக்குப் புதுப் பார்ட் வாங்கறது வீண்.

---

ஈரத்துணி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது மேலே திறக்கும் பெட்டி ஃப்ரீசர், ஆர்600ஏ கேஸ். குளிர்வதே இல்லை. சில நிமிடத்துக்கு ஒரு முறை "ம்ம்ம்... டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. இதுவும் டீஃப்ராஸ்ட் கோளாறா?

---

திருப்புளி:

இல்லைங்க, உங்க பெட்டியில டீஃப்ராஸ்ட் ஹீட்டரே இருக்காது, கையால உருக்குற வகை. உங்களோடது கம்ப்ரஸர் கிளம்பாத கோளாறு. "ம்ம்" மோட்டார் முக்குறது, "டிக்" ஓவர்லோட்ங்கிற பாதுகாப்பு சுவிட்ச் கட் பண்றது. ஆறினதும் திரும்ப முயற்சி.

முதல்ல கம்ப்ரஸர் முக்கும்போது பிளக்குல வோல்ட் எவ்வளவுன்னு பாருங்க. 230 வோல்ட் லைனில் 180க்குக் கீழே விழுந்தா தப்பு பெட்டியில இல்லை, லைன்ல. நீளமான மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தா எடுத்துட்டு நேரா சாக்கெட்டில் போடுங்க.

வோல்ட் சரின்னா பிளக்கைப் பிடுங்கிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்க. கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கிற மூடிக்குள்ள ரிலே (மோட்டாரைக் கிளப்பிவிடற பார்ட்) இருக்கும், அது ஓடினப்போ 100 டிகிரிக்கு மேல போகும், விரல் வெந்துடும். ரன் கெபாசிட்டர் இருந்தா முனைகளை ஒரு ரெசிஸ்டர் வெச்சு வெறுமையாக்கிட்டுக் கை வைங்க. ரிலேயைப் பிடுங்கிக் காதுகிட்ட ஆட்டுங்க. கலகலன்னு சத்தம் வந்தா உள்ளே வில்லை உடைஞ்சு போச்சு, மாத்துங்க. சத்தம் இல்லைன்னா ஓம் பாருங்க. ஆறின நிலையில் பொதுவா 15லிருந்து 35 ஓம் வரும்.

ரிலே நல்லா இருந்தா கம்ப்ரஸரோட மூணு பின். எது காமன், எது ரன்னிங், எது ஸ்டார்ட்டிங்னு தெரியலைன்னா ரெண்டு ரெண்டா மூணு தடவை அளங்க. எந்த ரெண்டுக்கு நடுவுல அதிக ஓமோ, மிச்சம் இருக்கிற பின் காமன். காமன்ல இருந்து குறைஞ்ச ஓம் காட்டறது ரன்னிங், கூடுதலா காட்டறது ஸ்டார்ட்டிங். பெரிய எண் மத்த ரெண்டோட கூட்டலா இருக்கணும். உதாரணத்துக்கு 12, 20, 32. கூட்டல் ஒத்து வரலைன்னாலோ, ஏதாவது பின்னுக்கும் கம்ப்ரஸர் ஓட்டுக்கும் நடுவுல மீட்டர் ஓம் காட்டினாலோ மோட்டார் காயில் போச்சு. பழைய பெட்டிக்குக் கம்ப்ரஸர் மாத்தலாமான்னு அப்போ யோசிங்க.

மூணு பின்னும் சரி, புது ரிலே போட்டும் முக்குதுன்னா உள்ளே ஜாம்.

---

செம்புக்குழாய்:

ஈரத்துணி அவர்களுக்கு: ரிலேயை மாற்றும்போது ஆர்600ஏக்கு உரியது என்று குறித்ததையே வாங்குங்கள். அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். அந்தப் பெட்டிகளின் ரிலேயும் ஓவர்லோடும் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. திறந்த தொடுமுனை உள்ள பழைய கம்பிச்சுற்று ரிலேயை அதில் மாட்டக் கூடாது. கேஸ் இருக்கும் குழாயில் எந்த நிலையிலும் தீக்குழல் காட்டக் கூடாது. அதன் கொதிநிலை -12 டிகிரிக்குப் பக்கத்தில் என்பதால் ஓடும்போது உறிஞ்சு பக்கம் எப்போதும் வெற்றிடத்தில் இருக்கும். அங்கே கசிவு என்றால் கேஸ் வெளியே வருவதோடு நிற்காது, ஈரக்காற்று உள்ளேயும் போகும்.

பெட்டி ஃப்ரீசரில் குளிர்க்குழாய் சுவருக்குள் ஃபோமில் புதைந்திருக்கும். கசிவு அங்கே என்றால் ஒட்ட முடியாது. ஆகவே பனியைச் சுரண்ட இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். 5 மில்லிமீட்டர் தடிமன் ஆனதும் உருக்கிவிடுங்கள்.

---

நிலாமுற்றம்:

பைமெட்டலும் ஃப்யூஸும் சேர்ந்த கொத்துப் போட்டாயிற்று. திறக்கும் வெப்பநிலை பழையதைவிட 2 டிகிரி கூடுதல், அதே வளைவில் கவ்வினேன். டைமரைத் திருப்பியதும் 163 வாட், எட்டாவது நிமிடத்தில் 3க்கு விழுந்தது. வடிகால் பாதி அடைத்திருந்தது, கழுவியாயிற்று. கீல் பக்கம் ரப்பர் காகிதத்தைப் பிடிக்கவில்லை. ஹேர் டிரையர் காட்டியபின் பிடிக்கிறது.

பத்தொன்பதாம் நாள் இன்று. தெர்மோஸ்டாட் நடு எண்ணில், உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே வைத்த தெர்மாமீட்டரில் -20. கம்ப்ரஸர் ஓடும்போது 108 வாட், அரை மணிக்கு மேல் ஓடிவிட்டு நிற்கிறது. பலகையின் கீழ்ப்பாதியில் பனி இல்லை. கீழ்த் தட்டு மட்டும் மேல் தட்டைவிட 3 டிகிரி குறைவாகக் குளிர்கிறது. இது இயல்பா?

---

ஓம்மீட்டர்:

3 டிகிரி இயல்புதான், காற்று மேலிருந்து வருகிறது. கீழே காற்று திரும்பும் இடுக்கைப் பொட்டலம் எதுவும் மறைக்காமல் இருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் ஒரு டிகிரி குறையும்.